கிடங்கு குடோன் ஆன கதை

பினாங்கு ஜார்ஜ் டவுனில் கடலோரமாகச் செல்லும் வெல்ட் கீ சாலையில் பழைய சரக்குக் கட்டடங்கள் நிற்கின்றன. ஆங்கிலம் படித்தவர் அவற்றை 'கோடவுன்' என்பார். மலாய்க்காரர் 'குடாங்' என்பார். சற்று நடந்தால் பினாங்கு ஸ்திரீட். அங்கே நகரத்தார் தங்கித் தொழில் நடத்திய இடத்துக்குப் பெயர் 'கிட்டங்கி'. மொழிகள் மூன்று, சொல் என்னவோ ஒன்றுதான்.

யூல், பர்னெல் இருவரும் தொகுத்து, 1886-இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி இந்தச் சொல்லின் பிறந்த வீட்டைத் தேடி, தமிழின் 'கிடங்கு', தெலுங்கின் 'கிட்டங்கி' ஆகியவற்றின் வாசலில் வந்து நிற்கிறது. சரக்கு கிடக்கும் இடம் கிடங்கு. இரண்டில் எது மூத்தது என்ற சண்டை வேண்டாம். அக்காள் தங்கை மொழிகள்தானே!

வணிகரோடு சொல்லும் கப்பலேறியது. மலாய் நாவில் 'கி' போய் 'கு' வந்தது. பலவற்றைச் சொல்ல மலாய்க்காரர் 'குடாங்-குடாங்' என்று இரட்டித்தார்கள். இந்தோனேசியர் முன்னும் பின்னும் ஒட்டுச் சேர்த்து 'பெர்குடாங்ஙான்' என்றார்கள். 1511-இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துக்கீசியர் தங்கள் மொழி வழக்கப்படி மூக்கொலி சேர்த்து எழுதிக்கொண்டார்கள். ஆங்கிலேயர் காதில் விழுந்தபோதுதான் வேடிக்கை. 'கோ', 'டவுன்' என்று தம் மொழியில் ஏற்கெனவே இருந்த இரண்டு சொற்களாகவே அது கேட்டது. கிடந்த சரக்கு, 'கீழே போ' என்று இறங்கத் தொடங்கிவிட்டது!

பினாங்குக் கிட்டங்கியில் இந்தச் சொல் வேறொரு வேலைக்குப் போனது. அங்கே கிடந்தவை மூட்டைகள் அல்ல, மனிதர்கள். நீண்ட கூடம் ஒன்று. அதில் ஒவ்வொரு கடைக்கும் ஓர் இடம், ஒரு பெட்டி, ஒரு சாய்வு மேசை, ஓர் அலமாரி. பகலில் தரையில் அமர்ந்து வட்டிக் கணக்கு எழுதுவார்கள். இரவில் அதே இடத்தில் பாய் விரிப்பார்கள். சமையல் பொது. செட்டிநாட்டிலிருந்து கப்பலேறி வந்த பெட்டியடிப் பையன், மூன்றாண்டுக் கணக்கு முடியும்வரை அம்மா முகம் பார்க்க முடியாது. தைப்பூசத்துக்கு முதல் நாள் முருகனின் வெள்ளி ரதம் புறப்படும் கோயில் வீடும் இதே பினாங்கு ஸ்திரீட்டில்தான். 'கிட்டங்கி' என்று சொன்னால் அந்தக் குடும்பங்களுக்குக் கட்டடம் நினைவுக்கு வராது. தாத்தாதான் நினைவுக்கு வருவார்.

தாய்நாட்டில் நடந்தது என்ன? போன சொல் ஆங்கிலச் சட்டை போட்டுக்கொண்டு 'குடோன்' என்று திரும்பி வந்தது. அரசாங்கம் 'சேமிப்புக் கிடங்கு' என்று பலகை எழுதுகிறது. லாரி ஓட்டுநரோ 'வண்டியை குடோனுக்கு விடு' என்கிறார். 'அது ஆங்கிலச் சொல், தமிழில் எழுதுங்கள்' என்று திருத்துவோரும் உண்டு. கிடங்கு என்று எழுதுவது நல்லதுதான். ஆனால் சொல்லப்படும் காரணம்தான் பிழை. பினாங்கின் பழைய செட்டியார் வீடுகளில் இந்த வம்பே இல்லை. அவர்களுக்கு அது அன்றும் கிட்டங்கி, இன்றும் கிட்டங்கி.