கடல் நடுவே ஒரு செய்தி

கோலா பெர்லிசிலிருந்து லங்காவிக்குப் படகில் செல்லும் பிள்ளைகள், கரையிலுள்ள உறவினருடன் கைத்தொலைபேசியில் உரையாடியபடியே பயணம் செய்கின்றனர். இவ்வசதியின் பின்னால் நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அதில் ஒரு பெருந்துயரமும் அடங்கியுள்ளது. மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்குச் சொல்லத்தக்கது என்பதால் அதனை இங்கு எழுதுகிறேன்.

1901 டிசம்பர் 12-இல் மார்க்கோனி, அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து வந்த கம்பியில்லாத் தந்திக் குறியைப் பெற்றார். சில ஆண்டுகளிலேயே பெரிய பயணிகள் கப்பல்களில் தந்தி அறைகள் தோன்றின. 1909-இல் ‘ரிபப்ளிக்’ கப்பல் மோதலுக்கு உள்ளானபோது, தந்தியாளர் ஜாக் பின்ஸ் விடுத்த அழைப்பு ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் காத்தது.

‘டைட்டானிக்’ கதை அனைவரும் அறிந்ததே. ஆனால் அதன் தந்தி அறையைப் பற்றிப் பாடநூல்கள் அதிகம் பேசுவதில்லை. ஜாக் பிலிப்ஸ், ஹரோல்ட் பிரைட் என்னும் தந்தியாளர் இருவரும் மார்க்கோனி நிறுவனத்தின் ஊழியர்கள். செல்வந்தப் பயணிகள் கட்டணம் செலுத்தி அனுப்பிய நலம் விசாரிப்புகளும் வாழ்த்துகளுமே அவர்களின் அன்றாடப் பணி. கருவி பழுதுபட்டதால் செய்திகள் மலைபோல் குவிந்திருந்தன. 1912 ஏப்ரல் 14 இரவு, அருகிலிருந்த ‘கலிபோர்னியன்’ கப்பலின் தந்தியாளர் பனிக்கட்டி பற்றி எச்சரிக்க முயன்றார். பயணிகளின் செய்திகளைக் கரைக்கு அனுப்பிக்கொண்டிருந்த பிலிப்ஸ், குறுக்கிட வேண்டாமெனக் கடிந்துகொண்டார். அக்கப்பலில் ஒரே தந்தியாளர்தாம். அவர் கருவியை நிறுத்திவிட்டு உறங்கச் சென்றார். சற்று நேரத்தில் டைட்டானிக் பனிப்பாறையில் மோதியது. அதன் அபயக்குரல் அவருக்குக் கேட்கவில்லை. ஏறத்தாழ 1,500 பேர் மாண்டனர்.

பிலிப்ஸைக் குறை கூறுவோர் உளர். எனக்கு அதில் உடன்பாடில்லை. இறுதிவரை அழைப்பு விடுத்தபடியே இருந்து உயிர்நீத்தவர் அவர். வாழ்த்தும் எச்சரிக்கையும் ஒரே கருவியில் நெருக்கியடித்த அந்த ஏற்பாடே குற்றமுடையது. 1914-இல் உருவான கடற்பயணப் பாதுகாப்பு உடன்படிக்கை, இடையறாத தந்திக் கண்காணிப்பை வலியுறுத்தியது.

(எங்கள் பாட்டனார் ‘ரஜுலா’ கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்தவர். அவர் பத்திரமாகப் பினாங்கு சேர்ந்த செய்தி ஊருக்குக் கடிதமாகத்தான் போனது. கப்பலில் தந்தி இருந்தென்ன, மேல்தளப் பயணிக்கு அது எட்டாக்கனி.)

1979-இல் இன்மார்சாட் அமைப்பு நிறுவப்பட்டபின், கப்பலிலிருந்து துணைக்கோள் வழியே பேசுவது பரவலாயிற்று, கட்டணமோ மிகுதி. 1999 பிப்ரவரி 1 முதல் புதிய பாதுகாப்பு முறை முழுமையாக நடைமுறைக்கு வர, மோர்ஸ் தந்தி ஓய்வுபெற்றது. கப்பல் பணியாளர்கள் குடும்பத்துடன் தொடர்புகொள்ள, இயன்றவரை இணைய வசதி அளிக்க வேண்டுமென்ற பன்னாட்டு விதித் திருத்தம் 2024 டிசம்பர் 23-இல்தான் நடைமுறைக்கு வந்தது. மகனைக் கப்பலுக்கு அனுப்பிவிட்டு மின்னஞ்சலுக்காகக் காத்திருக்கும் பெற்றோர் இதன் அருமையை அறிவர்.

பெற்றோர் கவனத்திற்கு மற்றொன்று. பழைய ஜி.எஸ்.எம். முறையில் கோபுரத்திலிருந்து ஏறக்குறைய 35 கிலோமீட்டர் வரையே கைத்தொலைபேசி இயங்கியது. இன்றும் கரை மறைந்தால் இணைப்பு அறுந்துவிடக்கூடும். மேலும், அதன் அழைப்பு ஒருவருக்கு மட்டுமே போய்ச் சேரும். படகிலுள்ள வி.எச்.எப். வானொலியின் 16-ஆம் அலைவரிசையில் அழைத்தாலோ, சுற்றுவட்டாரத்தில் அதனைச் செவிமடுக்கும் கப்பல்கள் அனைத்துக்கும் கேட்கும். படகேறும் முன் அக்கருவி இயங்குகிறதா என்று படகோட்டியிடம் கேட்பதில் தவறில்லை.