சாவாமையும் அழியாமையும்

ஆம்பூர், வாணியம்பாடி, நாட்றம்பள்ளி வட்டாரத்தில் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் ஒருவர் வீட்டுத் துக்கத்தில் மற்றவர் பங்குகொள்வது வழக்கம். இறப்போடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை என்றே இரு சாராரும் ஆறுதல் கூறுகின்றனர். அந்த ஆறுதலின் உட்பொருள் இருவருக்கும் ஒன்றுதானா என்பது ஆய்வுக்குரியது.

கிரேக்க மொழியில் எழுதப்பெற்ற புதிய ஏற்பாட்டில் 'அதனாசியா' என்னும் சொல் மூன்றே இடங்களில் வருகிறது. 'தனதோஸ்' என்றால் மரணம். முன்நிற்கும் 'அ' அதனை மறுக்கிறது. 'அஃப்தர்சியா' என்பது வேறு சொல். சிதைந்து கெடாமை என்பது அதன் பொருள். 1611இல் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பு, ரோமர் 2:7 போன்ற இடங்களில் இரண்டாவது சொல்லையும் மரணமின்மை என்றே பெயர்த்து, வேறுபாட்டை மங்கச் செய்துவிட்டது.

தமிழில் புதிய ஏற்பாடு சீகன்பால்குவின் முயற்சியால் தரங்கம்பாடியில் 1715இல் அச்சாகி முடிந்தது. பின்னர் 1871இல் வெளிவந்த ஹென்றி பவரின் திருத்தம் முன்னதைச் 'சாவாமை' என்றும் பின்னதை 'அழியாமை' என்றும் பிரித்தே வழங்குகிறது. கிரேக்கச் சொல்லைப் போலவே 'சாவாமை'யும் சாவை மறுத்துப் பிறந்த சொல்லாகும்.

பிளேட்டோ ஆன்மாவை இயல்பிலேயே மரணமற்றது என்றார். புதிய ஏற்பாடோ 'அதனாசியா'வை ஓரிடத்திலும் ஆன்மாவின் இயல்பாகச் சொல்லவில்லை. தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் மடல் (6:16) அதனை இறைவனுக்கே உரியதாக்குகிறது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடல் (15:53, 54) உயிர்த்தெழும் நாளில் மனிதன் அணியப்பெறும் ஆடையாக அதனைக் கூறுகிறது.

திருக்குர்ஆனும் அல்லாஹ்வை மரணிக்காத நித்திய ஜீவன் என்கிறது (25:58). நபிகளாருக்கு முன் எம்மனிதருக்கும் 'குல்து' எனும் நிலைவாழ்வு இவ்வுலகில் வழங்கப்படவில்லை (21:34). அதே வாக்குறுதியைக் காட்டியே ஷைத்தான் ஆதம் (அலை) அவர்களை ஏமாற்றினான் (20:120). ஆயின் மறுமையில் 'ஜன்னத்துல் குல்து' பயபக்தியாளருக்கு வாக்களிக்கப்பட்டுள்ளது (25:15).

வழி குறித்து இரு சமயங்களும் வேறுபடுகின்றன. கிறிஸ்தவர் அதனை ஈசா (அலை) அவர்களின் சிலுவை மரணத்தோடும் உயிர்த்தெழுதலோடும் இணைக்கின்றனர். நாம் அவர் சிலுவையில் அறையப்படவில்லை என்று நம்புகிறோம். இவ்வேறுபாட்டை மறைப்பது நட்புக்குத் தேவையில்லை. எனினும் மரணமின்மை மனிதனின் சொத்தன்று, இறைவன் அளிக்கும் கொடை என்பதில் இருவரும் ஒன்றுபடுகின்றனர். அண்டை வீட்டுத் துக்கத்தில் அமரும்போது இவ்வளவேனும் அறிந்து அமர்வது நலம்.