தொல் தீநுண்ம மரபணுக்களும் தன்னுடல் தாக்குநோய்களும்

தொல் தீநுண்ம மரபணுக்கள் என்பவை, மனிதரின் மூதாதை உயிரினங்களைத் தொற்றிய ரெட்ரோவைரசுகள் மரபணுத்தொகுதியில் விட்டுச்சென்ற எச்சங்கள் ஆகும். மனித மரபணுத்தொகுதியில் இவற்றின் பங்கு ஏறத்தாழ 8 விழுக்காடு. நோயெதிர்ப்பு அமைப்பு சொந்த இழையங்களையே தாக்கும் தன்னுடல் தாக்குநோய்களில் இவற்றுக்குப் பங்கு இருக்கக்கூடும் எனக் கருதப்படுகிறது. எனினும், இவையே காரணம் என்று எந்நோயிலும் இதுவரை நிறுவப்படவில்லை.

தோற்றம்

ரெட்ரோவைரசு தனது ஆர்.என்.ஏ.யை டி.என்.ஏ.யாகப் படியெடுத்து, தொற்றிய உயிரணுவின் நிறப்புரியில் செருகிவிடும். முட்டையிலோ விந்தணுவிலோ இது நிகழ்ந்தால், அப்பகுதி பிற மரபணுக்களைப் போலவே வழிவழியாகக் கடத்தப்படும். பெரும்பாலானவை காலப்போக்கில் சிதைந்துவிட்டன. எஞ்சியவற்றை உயிரணு, மெத்தில் தொகுதிகளை ஒட்டி அடக்கி வைக்கிறது. சில பயன்பாட்டுக்கும் வந்துள்ளன: நஞ்சுக்கொடி உயிரணுக்களை ஒன்றிணைக்கும் சின்சிட்டின்-1 என்னும் புரதம், ஹெர்வ்-டபிள்யூ வகைத் தீநுண்மத்தின் உறைப்புரதமே என்பது 2000-இல் அறியப்பட்டது.

இவை மிகப் பழையவை ஆதலால், உத்திரமேரூரில் பிறந்தவரும் பாரிசில் பிறந்தவரும் பெரும்பாலும் ஒரே எச்சங்களையே கொண்டுள்ளனர். ஆகவே, மரபணு இருப்பது மட்டும் நோயை விளக்காது. அடங்கிக் கிடந்தது சிலரில் மட்டும் ஏன் விழித்தெழுகிறது என்பதே ஆய்வாளர்களின் கேள்வி.

தண்டுவட மரப்பு நோய்

மிகுதியாக ஆராயப்பட்டது இந்நோயே. இந்தியாவில் இது ஐரோப்பாவைவிடக் குறைவாகவே காணப்படுகிறது. 1989-இல் பிரான்சு நாட்டின் எர்வே பெரோன் குழுவினர், நோயாளி ஒருவரின் மூளையுறை உயிரணுக்களில் ரெட்ரோவைரசு போன்ற துகள்களைக் கண்டதாக அறிவித்தனர். அவற்றின் மரபுவரிசை ஹெர்வ்-டபிள்யூ வகையைச் சார்ந்தது எனப் பின்னர் தெரியவந்தது. இதன் உறைப்புரதம் அழற்சியைத் தூண்டுவதையும், நரம்பு உறையைச் சீரமைக்கும் உயிரணுக்கள் முதிர்வதைத் தடுப்பதையும் ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன.

எழுப்பும் காரணிகளுள் ஒன்றாக எப்சுடீன்-பார் வைரசு ஐயுறப்படுகிறது. அமெரிக்கப் படைவீரர்களிடம் நடத்தப்பட்டு 2022-இல் வெளிவந்த ஆய்வின்படி, அத்தொற்றுக்குப் பின் இந்நோய்க்கான இடர் 32 மடங்கானது.

உறைப்புரதத்தை முடக்கும் டெமலிமாப் என்ற எதிர்ப்பொருள் 270 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. மூளையின் அழற்சிப் புண்களைக் குறைக்கும் முதன்மை இலக்கை அது எட்டவில்லை. மூளைச் சுருக்கம் தணிவதற்கான அறிகுறிகள் மட்டும் தென்பட்டன.

லூபசு

சி4 என்னும் எதிர்ப்பாற்றல் மரபணுவுக்கு நீண்ட, குறுகிய வடிவங்கள் உண்டு. நீண்டதன் ஒன்பதாம் இடைப்பகுதியில் ஏறத்தாழ 6,400 கார இணைகள் கொண்ட ஹெர்வ்-கே எச்சம் செருகப்பட்டுள்ளது. ஆயினும் லூபசு இடருடன் தெளிவாகத் தொடர்புடையது, ஒருவரிடமுள்ள சி4 படிகளின் எண்ணிக்கைக் குறைவே.

காரணமா, விளைவா?

அழற்சியும் இம்மரபணுக்களை எழுப்பக்கூடியது. ஆதலால், நோயாளிகளிடம் இவற்றின் புரதம் மிகுந்திருப்பது நோயைத் தோற்றுவித்ததா, நோயினால் தோன்றியதா என்று பிரித்தறிவது கடினமாக உள்ளது.