வாக்குக்குள் ஒரு வாக்கு

1995-இல் பிரெண்டன் ஐக் நெட்ஸ்கேப் நிறுவனத்துக்காகப் பத்தே நாட்களில் ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை எழுதி முடித்தார். ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டுமே கவனிக்கும் மொழி அது. தொலைவிலுள்ள வழங்கியிடம் ஒன்றைக் கேட்டுவிட்டுப் பதிலுக்காக நின்றால் பக்கமே உறைந்துவிடும். ஆகவே, பதில் வந்ததும் செய்யவேண்டியதைச் சொல்லிவிட்டு நகர்வது வழக்கமாயிற்று. அந்தப் பதிலுக்குள் அடுத்த கேள்வி, அதற்குள் இன்னொன்று என நிரல் வலப்புறமாகச் சரிந்துகொண்டே போகும். நிரலாளர்கள் இதை நரகம் என்றே அழைத்தார்கள்.

மாற்று வழி முன்பே இருந்தது. இன்னும் வந்துசேராத விடைக்கு 'பிராமிஸ்', அதாவது வாக்கு, என்ற பெயரை 1976-இல் டேனியல் ஃப்ரீட்மனும் டேவிட் வைஸும் சூட்டினர். 1988-இல் பார்பரா லிஸ்கோவும் லியூபா ஷ்ரீராவும் அதைத் தொலைநிலைக் கணினிகளுக்கு ஏற்றவாறு வடித்தனர். 2009-இல் தோன்றிய நோட்.ஜேஎஸ் தொடக்கத்தில் வாக்குகளை ஏற்று, 2010-இல் கைவிட்டது. அதை உருவாக்கிய ரயன் டால் 2018-இல் மேடையேறி, தாம் வருந்தும் பிழைகளுள் இதையும் சேர்த்துக்கொண்டார்.

உண்மையான சச்சரவு 2013-இல் எழுந்தது. ஒரு வாக்கு நிறைவேறி, அதன் விடையாக இன்னொரு வாக்கே வந்தால்? வெளிவாக்கு உள்வாக்கின் கதியையே தன் கதியாக ஏற்கும் என்றது பிராமிசஸ்/ஏ+ விதி. கூடுகள் கரைந்து ஒரே சங்கிலியாகும். கணிதப் பற்றுடையோர் இதை எதிர்த்தனர்: 'தென்' என்ற செயலை (திசையன்று, 'பிறகு' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்) உடைய எந்தப் பொருளும் வாக்காகக் கருதப்பட்டுவிடுமே என்பது அவர்கள் கவலைகளுள் ஒன்று. நியாயமான கவலைதான். கற்பனை உலகில் வாழ்கிறீர்கள் என்ற பொருளில் டொமினிக் டெனிகோலா பதிலளிக்க, அவர்களோ 'ஃபேன்டசி லேண்ட்' என்பதையே தம் விதித்தொகுப்புக்குப் பெயராக்கிக்கொண்டார்கள்! தோற்றவர்களின் நகைச்சுவை எப்போதும் கூர்மையானது.

2015 ஜூனில் வெளியான மொழித்தரம் கரைப்பதையே ஏற்றது. எனக்கு அது சரியென்றே படுகிறது. விடையைத் தேடுபவனுக்கு எத்தனை உறைகள் என்ற கணக்கு வேண்டாம். ஆனால் கரைவதற்கு ஒரு நிபந்தனை உண்டு: உள்வாக்கைத் திருப்பித் தரவேண்டும். 'ரிட்டர்ன்' என்ற ஒற்றைச் சொல் விடுபட்டால் உள்வாக்கு அநாதையாகும். வெளிவாக்கு அதற்காகக் காத்திராமல் வெறுமையோடு நிறைவேறும். உள்ளே நேர்ந்த பிழை சங்கிலியின் முடிவிலுள்ள பிழைப்பிடிப்பானை எட்டாது. இப்படி ஒரு சொல்லைத் தேடி ஓர் இரவு முழுவதும் விழித்திருக்கிறேன். 2017-இல் வந்த 'அவெயிட்' கூடுகளை எழுத்திலிருந்தே அகற்றியது. அதையும் மறக்கலாம், நான் மறந்திருக்கிறேன்.