சர்ப்பகந்தாவும் ஒரு ஹக்கீமின் பெயரும்

மட்டக்களப்பு வாவியோர ஊர்களில் ‘பிரஷர்’ என்பது இன்று வீட்டுச் சொல்லாகிவிட்டது. கருவாடின்றிச் சோறு இறங்காத மூத்தவர்கள் கிளினிக் கொப்பியோடு வரிசையில் நிற்கிறார்கள். அவர்களில் சிலர், உடம்பு சுகமாகத் தெரிந்ததும், “இங்கிலிசு மருந்து சூடு” என்று குளிசையை நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் இந்த மருந்தின் பூர்வீகத்தைத் தேடிப்போனால் வழி டில்லிக்கும் போகிறது.

உயர் குருதியமுக்கம் பெரும்பாலும் வலியோ காய்ச்சலோ காட்டாமல் வளர்வது. அதனை அளந்துதான் அறியலாம். 1896இல் இத்தாலியரான ரீவா-ரொச்சி கையில் கட்டும் பட்டியை அமைத்தார். 1905இல் ருஷ்ய வைத்தியர் கொரொட்கோவ், பட்டியின் கீழே நாடியொலியைக் கேட்டு மேல், கீழ் எண்கள் இரண்டையும் எடுக்கும் முறையைக் காட்டினார். எனினும் அளக்கத் தெரிந்தவர்களிடம் நல்ல மருந்து இருக்கவில்லை. 1945 ஏப்ரல் 12இல் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் மூளையில் குருதி கசிந்து மரணித்தார். அன்று அவரது அமுக்கம் 300/190. உப்புக் குறைந்த உணவு, ஓய்வு என்பவற்றுக்கு அப்பால் அவருக்குப் பெரிதாக எதுவும் செய்ய முடிந்திருக்கவில்லை.

இதே காலத்தில் நமது பக்கத்தில் ஒரு வேர் இருந்தது. சர்ப்பகந்தா என்பார்கள், சிங்களத்தில் ஏகவேரிய. பாம்புக்கடிக்கும் சித்தப்பிரமைக்கும் தூக்கமின்மைக்கும் பரிசாரிகளும் ஹக்கீம்களும் கொடுத்து வந்தது. டில்லி திப்பியா கல்லூரியை நிறுவிய ஹக்கீம் அஜ்மல் கான், யூனானி மூலிகைகளை இரசாயன முறையில் ஆராய வேண்டுமென விரும்பியவர். ஜேர்மனியில் படித்துத் திரும்பிய சலீமுஸ்ஸமான் சித்தீக்கி அந்தப் பணியை ஏற்றார். ஹக்கீம் 1927இல் காலமானார். 1931இல் சித்தீக்கி அவ்வேரிலிருந்து பிரித்த பொருளொன்றுக்கு ‘அஜ்மலின்’ என்று பெயரிட்டார். ஆசானுக்கு ஒரு மாணவன் செய்யக்கூடிய மரியாதை இதைவிடப் பெரிதாக என்ன இருக்க முடியும்? (அஜ்மலின் அமுக்கத்துக்குரிய மருந்தல்ல, இதயத் துடிப்பு சார்ந்தது.) அதே 1931இல் கல்கத்தாவில் சென், போஸ் என்ற இரு வைத்தியர்கள், இவ்வேர் குருதியமுக்கத்தைக் குறைக்கிறது என எழுதினர். உலகம் திரும்பிப் பார்க்கவில்லை. 1949இல் பம்பாய் வைத்தியர் ருஸ்தம் வக்கீல் பிரித்தானிய இதயவியல் சஞ்சிகையில் எழுதிய பின்னரே மேற்கு விழித்துக்கொண்டது. 1952இல் சுவிற்சர்லாந்தின் சீபா நிறுவனத்தார் அவ்வேரிலிருந்து ரெசர்பினைப் பிரித்தெடுத்தனர். குளிசையாக உலகெங்கும் போன முதல் அமுக்க மருந்துகளில் அது ஒன்று.

இதைப் படித்துவிட்டு யாரும் வேரைத் தேடிக் காட்டுக்குப் போகவேண்டாம். ரெசர்பின் மில்லிகிராமின் சிறு பின்னத்தில் அளந்து கொடுக்கப்பட்ட மருந்து. அளவு மீறினால் ஆழ்ந்த மனச்சோர்வில் தள்ளக்கூடியது. பக்கவிளைவு குறைந்தவை வந்ததும் அது பின்தள்ளப்பட்டது. அவித்துக் குடிக்கும் வேரில் எவ்வளவு இருக்கிறதென்று யார் அளப்பது?

குளிசையை நிறுத்தியவருக்கு மறுவாரம் ஒன்றும் தெரியாது. 140/90க்கு மேல் நின்றுவிட்ட அமுக்கம் ஆண்டுக்கணக்கில் இதயத்தையும் சிறுநீரகத்தையும் கண்ணின் நுண்குழாய்களையும் தேய்க்கும். ஒருநாள் பாரிசவாதமாக வரும். அப்போது, கொப்பி எங்கே என்று வீடெல்லாம் தேடுவார்கள்.