வட்ட மையத்தினூடு செல்லும் கோடு (நிறுவல்)

வட்ட மையத்தினூடு செல்லும் கோடு: தரப்பட்ட நேர்கோடொன்றில் வட்டத்தின் மையம் அமைந்துள்ளதென நிறுவும் கேத்திரகணிதப் பகுதி. பெரியமடு உள்ளிட்ட மன்னார் மாவட்டப் பாடசாலைகளில் க.பொ.த. சாதாரண தரக் கணிதத்தின் வட்டத் தேற்றங்களோடு கற்கப்படுகிறது.

அடிப்படைத் தேற்றம்: நாணொன்றின் செங்குத்து இருசமவெட்டி மையத்தினூடு செல்லும். நாண் கச, அதன் நடுப்புள்ளி ப, மையம் ம எனக் கொள்க. மக, மச ஆரைகளாதலால் சமம்; கப = பச; மப பொதுப்பக்கம். எனவே மபக, மபச ஆகிய முக்கோணிகள் ப.ப.ப. சந்தர்ப்பத்தில் ஒருங்கிசையும். ப-இலுள்ள அடுத்துள்ள கோணங்கள் இரண்டும் சமமாதலால் ஒவ்வொன்றும் செங்கோணம். ப-இல் நாணுக்கு ஒரேயொரு செங்குத்தே வரையலாம். ஆகவே ம அதன்மீதே உள்ளது. நாண் விட்டமாயின் ம, ப ஒன்றே, நிறுவல் தேவையில்லை. நிறுவலின் உயிர்நிலை இந்த ‘ஒரேயொரு’ என்பதே. கோடு மையத்தினூடு செல்வதாக முதலிலேயே வரைந்துகொண்டு தொடங்குவது நிறுவலாகாது. மாணவர் விடைகளில் எளிதில் நுழையும் வழு இது.

பிற வழிகள்: தொடலிக்குத் தொடுபுள்ளியில் வரையும் செங்குத்தும் மையத்தினூடு செல்லும். பரிதியில் செங்கோணம் எதிரமைக்கும் நாண் விட்டமாகும்.

வரலாறு: கி.மு. 300 அளவில் யூக்ளிட் தொகுத்த ‘மூலகங்கள்’ மூன்றாம் நூலின் முதல் எடுப்பு, வட்டமொன்றின் மையத்தைக் காண்பதாகும். அடிப்படைத் தேற்றம் அதன் கிளைமுடிவு. தொடலி பற்றியது அந்நூலின் 19ஆம் எடுப்பு. அரைவட்டக் கோணம் பற்றியது 31ஆவது.

பயன்: சமாந்தரமற்ற இரு நாண்களின் செங்குத்து இருசமவெட்டிகள் வெட்டுமிடம் மையமாதலால், வில்லின் ஒரு துண்டு கிடைத்தாலும் முழு வட்டத்தை மீட்டு வரையலாம்.