நல்ல செல்லுக்கும் புற்று செல்லுக்கும் ஒரே அடையாளம்: நெக்ஸ்கார்19 எப்படி வேலை செய்யுது?

கிருமிகளை எதிர்க்கும் ஆன்டிபாடி உருவாவது பி செல்கள் மூலம்தான். இவற்றின் மேற்பரப்பில் 'சிடி19' என்ற புரதம் இருக்கும். செல் புற்றாக மாறினாலும் பெரும்பாலும் அது அப்படியே இருக்கும். சிகிச்சைக்குப் பிடி கிடைப்பதும் அங்கேதான்.

மும்பை ஐஐடியும் டாடா நினைவு மையமும் உருவாக்கிய நெக்ஸ்கார்19-க்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. நோயாளியின் டி செல்களை எடுத்து, சிடி19-ஐத் தேடி அழிக்கும்படி மரபணுவை மாற்றி, திரும்ப ரத்தத்தில் ஏற்றுவார்கள்.

சிக்கல் என்னன்னா, நல்ல பி செல்லும் சேர்ந்தே அழியும். ஆனா எலும்பு மஜ்ஜையின் ரத்த மூலச் செல்லில் சிடி19 கிடையாது. அதனால் பி செல்கள் மீண்டும் உருவாகலாம். அதுவரை தொற்று வராமல் பார்த்துக்கணும்.

வெளிநாட்டில் 3 கோடி ரூபாய்க்கு மேல் ஆகும் இந்த வகை சிகிச்சை, இங்கே அறிமுகமானபோது சுமார் 30 முதல் 40 லட்சம். கோவில்பட்டி தீப்பெட்டித் தொழிலாளி குடும்பத்துக்கு அதுவே மலைதான். எடுத்த எடுப்பில் இதைத் தருவதில்லை. மற்ற சிகிச்சைகள் பலன் தராதபோதும், நோய் திரும்பும்போதும்தான்.